முகட்டிலிருந்து இறங்கும் வழி

...அப்படியானால் இந்த உயரம் இத்தனை நாளும் எங்கே ஒளிந்திருந்தது, என்று பாபநாசம் தன்னையே கேட்டுக்கொண்டான். பஞ்சாலை, அரிசி ஆலை, கலியாண மண்டபம் என்று எத்தனையோ கட்டடங்களுக்குத் தகட்டுக் கூரை போட்டவன், எந்த உச்சியிலும் ரதவீதியில் நடப்பதுபோல நடந்தவன், இன்று விமான நிலையத்தின் புதுக் கட்டடத்து முகட்டில் கடைசித் தகட்டையும் முடுக்கிவிட்டு, இறங்குவது ஒன்றுதான் பாக்கி என்றிருக்கும்போது, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான்... கால் இருக்கிறது, சொன்ன பேச்சைத்தான் கேட்கவில்லை. பயந்தவனை மேஸ்திரி மறுபடி மேலே ஏற்றமாட்டார், இந்தத் தொழிலை விட்டால் வேறு என்ன தெரியும் அவனுக்கு? வெயிலில் தகடெல்லாம் நீராகி அலையலையாக அசைந்தது, குறுக்குத்துறையில் வெள்ளம் வரும்போது முருகன் கோயிலைச் சுற்றிக்கொண்டு ஆறு ஓடுமே, அப்படி... அந்த நீருக்குள் ஒரு சின்னஞ்சிறு பாதம் மிதந்து வந்தது, அவன் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்த பாதம். எத்தனை வருஷம் காந்திமதியம்மனிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை! மனைவி வேணி அதை அவன் கையில் வைத்து, “பைய... தலையத் தாங்கிப் பிடிங்க” என்றாள். விழக்கூடிய ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவன் கைகள் அப்போதுதான் தெரிந்துகொண்டனவோ? அம்மா, தாயே, எப்படி இறங்குவேன்...

“பாவநாசம் அண்ணன் பிளேனுக்குக் காத்திருக்காருடே!” என்று கீழே எவனோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். முகட்டின் மறுகோடியிலிருந்து தாஜ் முகம்மது நடந்து வந்தார். இந்த இரும்புச் சட்டங்களைப் பேட்டைப் பட்டறையில் பற்றவைத்தவர், அவனுக்குக் கூரையில் பழைய கூட்டாளி. “என்னவே, அங்கனயே குடியிருந்துட்டீரு?” என்று தொடங்கியவர், தகட்டு விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த அவன் கைகளைப் பார்த்தார். மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கீழே உள்ளவர்களுக்கும் கேட்கிற மாதிரி, “எனக்குக் காலு கூசுதுவே, கண்ணு இருட்டுது. நீரு முன்னால போம், உம்ம தோளப் புடிச்சிட்டுப் பைய வாரேன்” என்றார். “ஏலே, பாய்க்குப் பயம் வந்துட்டுலே!” என்று கீழே மறுபடி சிரிப்பு, இந்தத் தடவை அவரைப் பார்த்து. பாபநாசத்துக்குப் புரிந்தது, ஒரு மனிதன் தன் மானத்தை இப்படிச் சட்டையைக் கழற்றிக் கொடுப்பதுபோலக் கொடுப்பானா... தன்னை நம்பி ஒருவர் வருகிறார் என்றதும், பொய் என்று தெரிந்தும், கால் எழுந்து நின்றது. தோளில் அவர் கை. ஒரு சட்டம், அடுத்த சட்டம், பிறகு சாரத்தின் மூங்கில், பிறகு மண், சூடான, அசையாத மண்.

தங்கத்தாய் குடத்திலிருந்து இரண்டு தம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு மற்றச் சித்தாள்களோடு சாப்பிடப் போனாள். மற்றவர்களும் போய்விட்டார்கள். என்ன சொல்லி இவருக்கு நன்றி சொல்வது, சொன்னால் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததுபோல ஆகிவிடாதா... என்று யோசித்துக்கொண்டே திரும்பினான். தாஜ் முகம்மதுவின் கையில் தம்ளர் நடுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் சிந்திச் சட்டை நனைந்தது. இன்னுமா நடிக்கிறார் என்று சிரிக்கப் போனான். சுற்றிலும் பார்த்தான். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை... அப்படியானால், மேலே யார் யாரை இறக்கி வந்தது? பாபநாசம் “பைய” என்று மட்டும் சொல்லி, தம்ளரின் அடியைத் தன் கையால் தாங்கிப் பிடித்தான்.