செத்தவர் பேரில் வந்த வாரண்ட்

செவ்வாய்க்கிழமை காலை ஹிக் அச்சுக்கூடத்துக்குள் வந்து, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "எனாக் விட்டேகர் இருக்காரா?" என்று கேட்டார். அச்சுக்கு ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த டார்கஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவள் புருஷன் எனாக் செத்து ஐந்து வருஷம் ஆகிறது. சவப்பெட்டியின் ஒரு முனையைத் தோளில் சுமந்தவரே இந்த ஹிக்தான்.

"கோயிலுக்குப் பின்னாடி கல்லறையில போய்க் கேட்டுப் பாருங்கண்ணே. மூணாவது வரிசை."

"எனக்குத் தெரியாதாம்மா. வாசல்ல வந்து கேட்டாத்தான் இல்லைன்னு எழுத முடியும்."

ஹிக்குக்குத் தொழில் செருப்புத் தைப்பது. ஊரார் முறைவைத்துப் பார்க்கும் கான்ஸ்டபிள் வேலை இந்த வருஷம் அவர் தலையில் விழுந்துவிட்டது. ஒரு நாள்கூட அது அவருக்குப் பிடிக்கவில்லை. காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ஹாக்ஸ்பிரிட்ஜ் மெர்க்குரி என்னும் பத்திரிகையை அச்சிடும் எனாக் விட்டேகர், ஒரு கனவானின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கியபடியால் அவரைப் பிடித்து வர வேண்டியது. புகார் கொடுத்தவர் சர் லயனல் த்ராப். கீழே கையெழுத்துப் போட்ட நீதிபதியும் அவரேதான்.

"நாங்க யார் பேரையும் போடலையே," என்றாள் டார்கஸ்.

"கிழக்குப் பக்கத்துப் பெரிய பண்ணைன்னு போட்டீங்க. படிச்சதும் அவருக்குத் தன் பேருதான் ஞாபகம் வந்திருக்கு." ஹிக் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

மெர்க்குரிக்கு இருபத்திரண்டு வயது. வாரம் இரண்டு முறை லண்டன் வண்டியில் வரும் பத்திரிகைகளை வெட்டி, பாரிஸில் ராஜாவுக்குச் சளி, கான்ஸ்டாண்டிநோபிளில் தீ விபத்து என்று போட்டுவந்த தாள். காணாமல்போன குதிரைகளும் வயிற்றுவலி மாத்திரைகளும் கடைசிப் பக்கத்தில் வரும். உள்ளூர்ச் சங்கதி மட்டும் வராது. சந்தையில் சும்மா கிடைப்பதை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்பது எனாக்கின் கட்சி. அவர் நல்ல மனுஷர், பேச்சில் மன்னர். ஆனால் முதல் இதழிலிருந்து எழுத்துக் கோத்தவள் டார்கஸ்தான். அவர் பேசிக்கொண்டிருப்பார், இவள் கோத்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம்தான் அவள் அந்த வழக்கத்தை உடைத்தாள். அந்த 1740ஆம் வருஷக் குளிரில் ஆறே உறைந்து கிடந்தது. அறுவடையும் பொய்த்து, ரொட்டி சுருங்கிக்கொண்டே போனது. த்ராப் பண்ணையின் காரியஸ்தன் சந்தைக்கு ஒரு புது மரக்கால் கொண்டுவந்திருந்தான். டார்கஸ் வாங்கிய கோதுமை மூட்டை கைக்கு லேசாக இருந்தது. நெசவுக்காரன் மனைவி ஜூடித்தையும் இன்னும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு, சந்தை மண்டபத்தில் சங்கிலியிட்டு வைத்திருக்கும் ஊர்ப் பொதுவான பித்தளை மரக்காலில் திரும்ப அளந்தாள். எட்டு மரக்கால் என்று வாங்கியது ஏழுதான் இருந்தது. பக்கத்துப் பண்ணை மூட்டைகளையும் அளந்தார்கள். அவை சரியாக இருந்தன. பதினொரு வரியில் அதை எழுதி, பாரிஸ் ராஜாவின் சளிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க," என்றார் ஹிக். "ஆள் காலமாயிட்டாருன்னு எழுதி அனுப்பிடறேன். செத்தவரை யாரு பிடிக்கிறது? வெள்ளிக்கிழமைத் தாள்ல, தெரியாம நடந்துபோச்சுன்னு ரெண்டு வரி போட்டுடுங்க. அதோட முடிஞ்சுது."

அவர் போனதும், அச்சு இயந்திரத்தின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஜோனாஸ் நிம்மதியாக மூச்சு விட்டார். "முதலாளி போயும் நம்மளைக் காப்பாத்துறாரு பாருங்கம்மா."

அது நிஜம்தான். 'அச்சிட்டவர் எனாக் விட்டேகர்' என்ற ஒற்றை வரி கடைசிப் பக்கத்து அடியில் ஐந்து வருஷமாக அப்படியே இருந்தது. மற்ற எழுத்துகளை வாராவாரம் கலைத்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போடுவார்கள்; அந்த வரியை மட்டும் நூலால் கட்டி எடுத்து வைத்து, அடுத்த வாரம் அப்படியே பொருத்துவார்கள். முதலில் அதைக் கலைக்க டார்கஸுக்கு மனசு வரவில்லை. பிறகு பழகிவிட்டது. ஒரு பெண் நடத்தும் பத்திரிகை என்று யாரும் முகம் சுளிக்காமல் இருந்ததற்கும் அந்த வரிதான் காரணம் என்பது அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் ஜூடித் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சத்திரத்துல அந்தக் காரியஸ்தன் என்ன சொல்றான் தெரியுமாக்கா? பொணம் அளந்த கோதுமையாம். எனாக் எழுந்து வந்து அளந்தாரான்னு கேக்கறான். ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"சனிக்கிழமை அதே மரக்காலைத்தான் கொண்டு வரப்போறானாம். அன்னிக்கு நாம அளந்தோமே, அதைச் சொல்ல ஒரு ஆளு இல்லையா? நாங்க குடியிருக்கிற வீடே அந்தப் பண்ணையோடது, நான் வாயத் திறக்க முடியாது. நீங்களும் பேசாம இருந்துட்டா நாலு பிள்ளைங்களுக்கு நான் எதைப் போட?"

அவள் போன பிறகு டார்கஸ் வெகுநேரம் அந்தக் கட்டிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிக் சொன்ன இரண்டு வரி மன்னிப்பை எழுதிக்கூடப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. கோபம் வந்து கிழித்துப் போட்டாள். அவள் கையால் அள்ளி அள்ளி அளந்த கோதுமை அது. அதைப் பொய் என்று அவளே அச்சடிக்க வேண்டுமாம்.

வியாழக்கிழமை கத்தியை எடுத்து நூலை அறுத்தாள். ஜோனாஸ் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? முதலாளி பேரு அது."

"அவரை வச்சு ஊரு சிரிக்குது ஜோனாஸ். அவரு அளக்கல, நான் அளந்தேன்."

"ஜெயில்ல போட்டுடுவாங்க. அப்புறம் யாரு எழுத்துக் கோக்கறது?"

"நீங்கதான்."

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

"அப்ப பெரிய எழுத்தாப் பாத்துக் கோத்துக்குங்க."

கிழவர் முணுமுணுத்துக்கொண்டே மை குழைக்கப் போனார். டார்கஸ் எனாக் என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, அறைகளில் போட்டாள். கண் கலங்கியது, கலங்கட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு தன் பெயரைக் கோத்தாள். கடைசிப் பக்கத்து அடியில் வைத்தாள், திரும்ப எடுத்தாள். முதல் பக்கத்தில், மெர்க்குரி என்ற தலைப்புக்கு நேர் கீழே, அரசர் பெயருக்கென்று வைத்திருக்கும் பெரிய எழுத்தில் மாற்றிக் கோத்து வைத்தாள். அதற்கடியில் பழைய பதினொரு வரியை மறுபடி போட்டு, இன்னும் ஒரு வரி சேர்த்தாள்: 'அளந்தவள் நானே, சனிக்கிழமை மறுபடி அளப்பேன்.'

முதல் தாளை ஜோனாஸ் உரித்து எடுத்து, ஈரத்தோடு தூக்கிப் பிடித்தார். ராஜாக்கள், திருடர்கள், தொலைந்த நாய்கள் என்று உலகத்துப் பெயரெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அவள் விரல்வழி போயிருக்கின்றன. தன் பெயரை அவள் அச்சில் பார்த்ததில்லை.

"கொஞ்சம் பெருசாத்தான் போட்டுட்டீங்க," என்றார் ஜோனாஸ். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, "நல்லா இருக்கு," என்றார்.

சனிக்கிழமை சந்தை மண்டபத்தில் பித்தளை மரக்காலுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். ஊரில் பாதிப் பேர் மூட்டையும் கையுமாக வந்து நின்றார்கள். ஜூடித்தும் அவள் புருஷனும் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றார்கள். தூணோரம் ஹிக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"டார்கஸ் விட்டேகர் இருக்காங்களா?"

"இருக்கேன்," என்றாள். அவ்வளவு சத்தமாக அவள் எங்கும் பேசியதில்லை.

ஹிக் புது வாரண்டைப் பிரித்தார். அதே நேரம் பண்ணை வண்டி வந்து நின்றது. காரியஸ்தன் தன் புது மரக்காலை எடுக்கக் கை நீட்டினான், கூட்டத்தைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டு, அதை வண்டியிலேயே விட்டு, ஒரு மூட்டையை மட்டும் இறக்கினான். டார்கஸ் கட்டை அவிழ்த்தாள்.

"ஒரு நிமிஷம் பொறுங்கண்ணே."

"அவசரமில்லைம்மா," என்றார் ஹிக். காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் போட்டுவிட்டு, மூட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். கோதுமை பித்தளைக்குள் இறங்கியது. பாதி ஏறி, விளிம்பைத் தொட்டு, விளிம்புக்கு மேலே குவிந்து, மை படிந்த அவள் கையைத் தாண்டிக் கல் தரையில் சிந்தியது. ஒருவரும் குனிந்து பொறுக்கவில்லை. "ஒண்ணு," என்று எண்ணிவிட்டு, அவள் அடுத்த மரக்காலை அளக்கக் கை நீட்டினாள்.