இரண்டு மணிக்குப் பதினெட்டு

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது பத்துக்கு, இரண்டாம் மாடி அறுவை அரங்கில், வயிற்று அறுவைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு முதுகுத்தண்டை ஒட்டிச் செருகியிருந்த மெல்லிய குழாய் வழியாக வலி மருந்து ஒருமுறை செலுத்தப்பட்டது. அது மார்ஃபினா, ஃபென்டனிலா என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. இரண்டில் எது நல்லது என்று ஒப்பிடும் ஆய்வில் அவர் நாற்பதாவது ஆள். இரண்டுமே மூச்சைக் குறைக்கக்கூடியவை, மார்ஃபின் பல மணி நேரம் கழித்தும்கூட; அதனால் இரண்டு மணிக்கொருமுறை அவருடைய வலியையும் மூச்சையும் செவிலியர் தாளில் எழுத வேண்டும். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும் என்பது விதி.

மாலை நான்கு மணிக்கு வார்டு செவிலி தாளோடு வந்தாள்.

"மெதுவா சிஸ்டர்," என்றாள் ஓட்டுநரின் மனைவி. "வீட்ல இவர் விடுற கொறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் செவுத்தைத் தட்டுவார். இன்னிக்குப் பாருங்க, பச்சப்புள்ள மாதிரி தூங்கறாரு."

சிரித்துக்கொண்டே செவிலி அவர் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறவில்லை. பிறகு ஏறியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு ஏழு.

"ஐயா! கண்ணைத் திறங்க!" தோளை உலுக்கினாள். இமை பாதி திறந்து மூடிக்கொண்டது.

அழைப்பு மணி கேட்டு மயக்க மருத்துவர் ஓடிவந்தார். செவிலி முகமூடியை அழுத்தி, பையைப் பிசைந்து காற்றுக் கொடுத்தாள். மருத்துவர் தாளைப் புரட்டினார். பத்து மணிக்குப் பதினாறு. பன்னிரண்டுக்குப் பதிமூன்று. இரண்டுக்குப் பதினெட்டு.

"மருந்தா இருந்தா படிப்படியா இறங்கணும். இங்க ஏறியிருக்கே! திடீர்னு விழுந்திருக்குன்னா மூளையில ஏதோ அடைப்பு. ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க, கீழ ஸ்கேனுக்குப் போவோம்."

செவிலி தாளில் தான் எழுதிய பதினெட்டைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு அரங்கிலிருந்து மூன்று பேர் ஒன்றாக வந்திறங்கியிருந்தார்கள். தலைக்கு மேல் வேலை. அந்த மாதிரி நேரங்களில் வார்டில் எல்லாரும் எழுதும் எண்தான் பதினெட்டு. வாயைத் திறந்தால் வேலை போகலாம். ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் நெருங்கியது.

"சார், அந்தப் பதினெட்டு பொய்."

"என்னது?"

"நான் எண்ணவே இல்ல சார். கைக்கு வந்ததை எழுதிட்டேன்."

ஓட்டுநரின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மருத்துவர் ஸ்ட்ரெச்சரைக் கையால் தடுத்து நிறுத்தினார்.

"முறிமருந்தை எடுங்க. திட்றதுக்கு அப்புறம் நேரம் இருக்கு."

முறிமருந்து ஊசியில் ஏறியது. ஒரு நிமிடம். இரண்டு. செவிலியின் உதடுகள் எண்ணிக்கொண்டே இருந்தன. எட்டு. பதினொன்று. மூன்றாவது நிமிடத்தில் ஓட்டுநர் முகத்தைச் சுளித்து முனகினார்.

"வயிறு... வலிக்குது."

"வலிக்கட்டும்!" மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்லா வலிக்கட்டும், பாவி மனுஷா!"

உறை பிரிக்கப்பட்டது. உள்ளே மார்ஃபின் என்று இருந்தது.

ஓட்டுநர் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். செவிலிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. அடுத்த வாரம் நாற்பது தாள்களையும் எடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்றில் இரண்டு மணிக் கட்டத்தில் பதினெட்டு என்றிருந்தது. ஆய்வு முதல் ஆளிலிருந்து மறுபடி தொடங்கப்பட்டது.