கவிதையில் மட்டும் நீலம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மத்தியானத் தூக்கத்தில் கிடைத்தது. பெரிய கூடம். நீள மேசைகளில் வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் சட்டைகள். மின்விசிறிக் காற்றில் சட்டைக் கைகள் மட்டும் மெல்ல எழுந்து எழுந்து படுத்தன. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் காற்று என் அறையில் இருந்தது.

உடனே உட்கார்ந்து எழுதினேன்: ‘போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, மண்ணுக்கடியிலிருந்து…’ வேண்டாம். செய்தித்தாள் வாடை அடிக்கிறது.

2

சரி, ஒரு தையல்காரி. சண்டைக் காலத்தில் அவள் தம்பியைத் தெருமுனையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். (யார் என்று கேட்காதீர்கள். எங்களுக்குத் தெரியாது என்று இரண்டு தரப்புமே கைவிரித்துவிட்டன.) அவன் நீலச் சட்டை கேட்டிருந்தான். இவள் யாரோ கொடுத்த துணியின் மிச்சத்தில், சாம்பல் நிறத்தில் தைத்துக் கொடுத்தாள். “அடுத்த தடவை நீலம்டா” என்றாள். அந்தச் சாம்பல் சட்டையோடுதான் போனான்.

பிறகு அவள் ஒரு கவிதை எழுதினாள். அதில் அவனுக்கு நீலச் சட்டை போட்டுவிட்டாள்.

(தையல்காரி கவிதை எழுதுவாளா என்று நண்பர் ஒருவர் சந்தேகப்பட்டார். கவிஞர்கள் எல்லாம் காற்றைக் குடித்தா வாழ்கிறார்கள்? போகட்டும்.)

காணாமல் போனவர்களின் வீட்டார் கூடும் இடமெல்லாம் அந்தக் கவிதையை வாசித்தார்கள். அவள் அம்மாவுக்கு அது மனப்பாடம். பாத்திரம் துலக்கும்போதுகூட அவள் உதடு அசையும்.

கவிதை சாட்சி சொல்லும் என்கிறார்கள். நானும் மேடையேறிச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கவிதையைக் கூண்டில் ஏற்றினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். அவன் போட்டிருந்த சட்டை அதில் இல்லை. அக்கா தைக்காமல் விட்ட சட்டை இருக்கிறது. இழப்புக்கு அதைவிடச் சரியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

3

இப்போது கூடத்துக்குப் போகலாம். புதைகுழியிலிருந்து தோண்டியெடுத்த துணிகளை அடையாளம் காட்ட வீட்டாரை வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் மகளும் மேசை மேசையாக நடக்கிறார்கள். ஒரு மேசையருகே மகள் நின்றுவிடுகிறாள். மண்ணேறிய சாம்பல் சட்டை. உள்பக்கத்தில் அவன் கேட்டு வைத்துக்கொண்ட சின்னப் பை. தைத்தவளுக்குத் தன் தையல் தெரியாதா?

அம்மா தாண்டிப் போய்விட்டாள். “நீலம் ஒண்ணுமே இல்லடி. அவன் இங்க இல்ல. வா, போலாம்.” அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஒரு முடிவு: மகள் உண்மையைச் சொல்கிறாள். எழுத முயன்றேன், கை ஓடவில்லை.

இன்னொரு முடிவு: ஒன்றும் சொல்லாமல் அம்மாவை பஸ் ஏற்றிவிடுகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா கவிதையை முணு… அடித்துவிட்டேன். அந்தச் சட்டை அங்கே அனாதையாகக் கிடக்குமே.

4

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டது யார்? அம்மாதானே? அவளுக்கா நிறம் மறக்கும்?

திரும்பக் கூடத்துக்கு ஓடினேன். (கனவில் நடப்பதுபோல் கதவு திறந்தே இருந்தது.)

“அம்மா, இதைப் பாரும்மா.”

அம்மா பார்க்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

“நீதானே நீலம்னு எழுதின?”

“அது கவிதைம்மா.”

“அப்படியே இருந்துட்டுப் போகட்டும்டி. எனக்காக.”

இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

அலுவலர் பக்கத்தில் வந்து நிற்கிறார். நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்: “இது உங்க வீட்டுப் பிள்ளையோடதாம்மா?” மகள் வாயைத் திறக்கிறாள். அம்மாவின் பிடி இறுகுகிறது.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.