வால்வில் மாட்டிய தொப்பி

ஈரம் காயாத தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு மோராக் படகுத்துறைக்கு ஓடினாள். கணவன் டூகலின் தொப்பி. நேற்று அவள்தான், "நாத்தம் குடலப் பிடுங்குது" என்று திட்டி, அதைத் துவைத்து அடுப்பருகே போட்டிருந்தாள். காலையில் வெறுந்தலையோடு கிளம்பிவிட்டான், பாவி. பாதி வழியில் நினைவு வந்திருந்தாலும் திரும்பியிருக்க மாட்டான். மறந்ததை எடுக்க வீடு திரும்பினால் ஆகாது என்று கிளைடு ஆற்றில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் ஒரு பயம்.

அவன் வேலை பார்க்கும் தூர்வாரிக் கப்பலிலோ அந்தத் தொப்பிதான் உயிர். சேறு அள்ளும் வாளிச் சங்கிலியில் ஆணி தேய்ந்தால் ஒருவன் வாளிகளுக்கு நடுவே இறங்கித்தான் மாற்றவேண்டும். இறங்குகிறவன் தன் தொப்பியை எஞ்சின் வால்வில் மாட்டிவிட்டுப் போவான். அது அங்கே இருக்கும்வரை எவனும் நீராவியைத் திறக்க மாட்டான்.

"சீக்கிரம் வலிங்க, ராப் அண்ணே!"

"ஒரு தொப்பிக்கா இந்த ஓட்டம்? உன் புருஷனுக்குச் சளி பிடிச்சாப் பிடிக்கட்டுமே," என்று படகோட்டி சிரித்தான்.

ஆற்று நடுவே கப்பல் கடகடத்துக்கொண்டிருந்தது. வாளிகள் ஓடினால் உள்ளே ஆள் இல்லை. அந்தச் சத்தம்தான் அவளுக்குத் தைரியம். சட்டென்று அது நின்றது.

"அண்ணே... ஐயோ, அண்ணே!"

அவள் முகத்தைப் பார்த்த ராப் சிரிப்பை விட்டு மூச்சிரைக்க வலித்தான். கப்பலை நெருங்கும்போது சங்கிலி மறுபடி கடகடத்தது. பிறகு ஓர் அலறல். மறுபடி நின்றது.

எஞ்சின் அறை வாசலில் அவள் தம்பி அலெக் உட்கார்ந்திருந்தான். எஞ்சினை ஓட்டுகிறவன் அவன்தான். அவன் கையில் டூகலின் கழுத்துத்துணி, அவள் பின்னியது, எண்ணெய்க் கறையாக இருந்தது.

"கஞ்சி குடிக்கப் போயிருந்தேன்க்கா. வந்தா எஞ்சின் நின்னிருந்துச்சு. தொப்பி இருக்கான்னு பாத்தேன், சத்தியமாப் பாத்தேன். வால்வுல இதுதான் தொங்குச்சு. யாரோ கை தொடைக்கப் போட்டதுன்னு நெனச்சு நானும் தொடச்சிட்டு..."

மோராக் உள்ளே போய்த் தொப்பியை வால்வில் மாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்தார். "தாயி, அவன வெளிய எடுக்கணும்னா சங்கிலிய ஒரு வாளி பின்னால ஓட்டணும்."

யாரும் வால்வின் பக்கம் போகவில்லை. அலெக் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

மோராக்தான் தொப்பியைக் கழற்றினாள். அது இன்னும் காயவில்லை.