வெளியே பிடித்த பீடி

ஏசுபாதத்தைக் கருக்கிய அதே கொட்டகையில், செம்மறித் தோலைப் பெட்ரோலில் முக்கிக் கொழுப்பெடுக்கும் அதே வேலைக்கு வந்து உட்கார்ந்தாள் அவன் பெண்டாட்டி மரியம்மாள். வெட்கங்கெட்டவள் என்றது ஆம்பூர். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

புருஷன் போனதைவிட, அதற்குச் சொன்ன கதைதான் அவளை அறுத்தது. குடித்துவிட்டுக் கொட்டகைக்குள் பீடி பற்றவைத்தானாம். சொன்னவன் மேஸ்திரி முனிரத்தினம். பற்றவைத்தவனும் அந்தப் படுபாவிதான். வாசல் கால்வாயோரம் நின்று அவன் குச்சி கிழித்ததை, உடன் வேலை செய்யும் தில்ஷாத் பார்த்திருக்கிறாள். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? "நான் வெளிய நின்னுதான் புடிச்சேன் சாயபு. வெளிய கிழிச்சா உள்ள எப்டிப் பத்தும்?" என்று முதலாளி மக்பூல் அகமதுவிடம் சத்தியம் செய்தான் மேஸ்திரி. அவரும் நம்பிவிட்டார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார் பாதிரியார். கர்த்தருக்கு ஆயிரம் ஜோலி.

மரியம்மாள் வேலை பழகினாள். பெட்ரோல் கொழுப்பைக் கரைத்துவிட்டுச் சுவடில்லாமல் பறந்துவிடும். கையிலிருக்கும் எண்ணெய்ப் பசையையும் விடாது. அவள் விரல்கள் கோடைக் கழனியாய் வெடித்தன. தரையில் குந்தினால் தலை சுற்றியது, எழுந்து நின்றால் தெளிந்தது. அதில்தான் அவளுக்கு விளங்கிற்று. இந்த நெடி புகைபோல மேலே போவதில்லை. தண்ணீர்போலத் தரையோடு இறங்கி, சரிவு பார்த்து வாசல் கால்வாய்க்கு வருகிறது. இத்தனை வருஷம் மேஸ்திரியாக இருந்தவனுக்கா இது தெரியாது?

ஒரு மத்தியானம் எல்லோரும் முற்றத்துப் புங்கமரத்தடியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாயபு அங்கேயே காய்ந்த தோல்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி மட்டும் உள்ளே, பெட்ரோல் தொட்டியில் கையை முழங்கைவரை விட்டபடி நின்றான். மரியம்மாள் எழுந்துபோய் அந்த ஒரே வாசலில், அவன் அன்று நின்ற இடத்தில் நின்றாள். அந்தத் தீக்குப் பிறகு ஆண்களிடம்தான் தீப்பெட்டியைப் பிடுங்கி வைப்பார்கள். பெண்பிள்ளை மடியை யார் சோதிப்பது?

"கையில இன்னாடி அது?"

"தீப்பெட்டி, மேஸ்திரி. வெளியதான நிக்கிறேன்."

அவன் உதடு வெளுத்துவிட்டது. "ஐயோ, கிழிச்சிடாத மரியம்மா. தரையோட உள்ள ஓடியாந்துடும்."

"யாரு சொன்னா?"

"நான் பாத்தேன். அன்னிக்கி அப்டித்தான் ஓடிச்சி. நான் கிழிச்சதுதான். ஏசுபாதம் மேல தப்பில்ல."

முற்றத்தில் ஒருவரும் கூழை வாயில் வைக்கவில்லை.

"கேட்டீங்களா, சாயபு?"

"கேட்டேம்மா. எல்லாருந்தான் கேட்டாங்க. பெட்டிய இப்டிக் குடுத்துடு."

இந்தச் சொல்லுக்குத்தான் அவள் இத்தனை நாள் கை வெடிக்கக் கிடந்தாள். வந்துவிட்டது. வந்தும் நெஞ்சு ஆறவில்லை. உள்ளே மேஸ்திரியின் வேட்டியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. சாயபு நீட்டிய கை அப்படியே நின்றது. வெடித்த விரல்களுக்கிடையே தீக்குச்சி, பெட்டியின் மருந்தைத் தொட்டபடி இருந்தது.