ஹேங்க் டாசனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை

நான்கு ஆண்டுகளாக ஹேங்க் டாசன் அமெரிக்காவின் அறுபத்தாறாம் நெடுஞ்சாலையில் ஓயாது பயணம் செய்துகொண்டிருந்தார். எந்த ஊரில் பழைய நியான் பலகை மீண்டும் ஒளிர்ந்தது, எந்தப் பாலம் பழுதுபார்க்க மூடப்பட்டது, வயலில் மூக்குப் புதைய நிற்கும் கார்களுக்கு யார் புதுச் சாயம் அடித்தார்கள் என்று வாரந்தோறும் இணையதளத்தில் எழுதினார். அகலத் தொப்பியும் நரைத்த மீசையுமாய் அவருடைய படம் பக்கத்தின் உச்சியில் சிரித்தது. வாசகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அவரிடம் ஒரே ஒரு குறைதான்: அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை.

எழுதியவள் கஜந்தி. யாழ்ப்பாணத்துக்காரி, குவைத்தின் ஃபஹாஹீலில், கடலைப் பார்த்த மூன்றாம் மாடியில், அந்த அமெரிக்கத் தளத்துக்கு ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. இங்கே மாலையாகும்போது அங்கே பொழுது விடியும். அப்போது 'ஹேங்கின் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்' என்று விடுதிக்காரர்களையும் அருங்காட்சியகக் காவலர்களையும் அழைப்பாள், விசாரிப்பாள், எழுதுவாள். உழைப்பு அவளுடையது, நடை அவளுடையது, நகைச்சுவை அவளுடையது. பெயர் மட்டும் தொப்பிக்காரனுடையது! ஓர் எழுத்துக்காரியிடமிருந்து எழுத்தை வாங்கிக்கொண்டு பெயரை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இந்தக் கேள்வியை மேலாளர் வெங்கட்ராமனிடம் அவள் இருமுறை கேட்டுவிட்டாள். "அமெரிக்கா ரோட்டைப் பத்தி குவைத்துல உக்காந்து எழுதறோம்னு தெரிஞ்சா எவன் படிப்பான்?" என்பதுதான் இருமுறையும் கிடைத்த பதில்.

நெடுஞ்சாலையின் நூற்றாண்டுச் சிறப்பிதழ் வெளியாக ஒரு நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுடைய மேசைக்கு ஓர் அழைப்பு வந்தது. ஓக்லஹோமாவின் ஒரு சிற்றூரில் பழப்பணியாரக் கடை நடத்தும் லொரெய்ன் பேசினாள். ஆப்பிள் திணித்துச் சுட்ட அவளுடைய 'பை'யைத் தின்னவே வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு.

"ஹேங்கிடம் சொல்லு, பெண்ணே. வெள்ளியும் சனியும்தான் எனக்குத் திருவிழா. இரண்டு வாரமாக அந்த நாள்களில் ஓர் ஈ கூட வரவில்லை. சுட்டதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பன்றிகள் தின்கின்றன. என் கடை மூடியிருக்கும் என்று ஹேங்க் போட்டிருக்கிறானாமே?"

கஜந்தி பக்கத்தைத் திறந்தாள். கடைகள் திறந்திருக்கும் நாள்களைக் காட்ட அவளே புதிதாய் அமைத்த நாள்காட்டி. வெள்ளி சிவப்பு, சனி சிவப்பு. சுவரில் தொங்கிய குவைத்து நாள்காட்டியை நிமிர்ந்து பார்த்தாள். அதிலும் அதே இரண்டு நாள்களே சிவந்திருந்தன. நான்கு ஆண்டுகளாய் வெள்ளிக்கிழமை துணி துவைத்து, ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு வந்த கை, உலகத்துக்கே அதுதான் வாரம் என்று அடித்துவிட்டது!

பக்கத்து மேசை துஷாந்தன் பிழை புகுந்த ஊர்களையெல்லாம் மளமளவென்று திருத்தினான். "மாத்தியாச்சு அக்கா. கலாஸ், முடிஞ்சுது! ஒருத்தருக்கும் தெரியாது."

"பன்றிகளுக்குத் தெரியும்" என்றாள் கஜந்தி.

வெங்கட்ராமன் வந்தார். "விடுங்கம்மா. ஹேங்க் பேர்ல ஒரு வரி சாரி போட்டுட்டுப் போவோம்."

"ஹேங்க் இந்தப் பிழையை விடமாட்டார் சேர்."

"என்னது?"

"ஓக்லஹோமாவில பிறந்து வளந்தவன் வெள்ளியும் சனியும் கடை பூட்டெண்டு எழுதுவானே? அவன் மன்னிப்புக் கேட்டா நம்புறதுக்கு அங்க ஒருத்தரும் இல்லை. இது குவைத்தில இருக்கிற ஆள்தான் விடக்கூடிய பிழை. நான் விட்டன். என்ர பேரிலதான் திருத்தம் போகவேணும்."

"கான்ட்ராக்ட் போயிடும்! அப்புறம் உங்க விசாவும் போகும், என்னோடதும் போகும்."

"போகட்டும் சேர். ஆனா பிழைக்கு என்ர பேர், புகழுக்கு அவன்ர பேர் எண்டு நான் கேக்கேல்லை. ரெண்டுக்கும் என்ர பேர்."

"அவருக்கு மீசையாவது இருக்கு அக்கா" என்றான் துஷாந்தன்.

"நீ வாயை மூடடா."

வெங்கட்ராமன் நெற்றியைத் தேய்த்தார். "ஓனர் கிட்ட நீங்களே பேசிக்கோங்க. நான் இதுல இல்லை."

அவள் தயங்கவில்லை. அமெரிக்காவிலிருந்த தள உரிமையாளரை அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் உரைத்து, தான் எழுதிய திருத்தத்தை வாசித்துக் காட்டினாள்:

'இந்தப் பிழை என்னுடையது. நான் குவைத்தில் வாழ்கிறேன். இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. லொரெய்னின் கடையில் அவ்விரு நாள்களிலும் அடுப்பு எரிகிறது. என்னால் அவள் இழந்த கூட்டத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டுகிறேன். நான்கு ஆண்டுகளாக இந்தச் சாலையைப் பற்றி உங்களுக்கு எழுதி வருபவளும் நானே. — கஜந்தி நவரத்தினம், ஃபஹாஹீல்.'

அவர் அதை இன்னொரு முறை வாசிக்கக் கேட்டார். பிறகு அந்த மனிதர் சொன்னார்: "போடு. வாசகர்கள் போய்விட்டால் உங்கள் அலுவலகத்துடன் என் கணக்கு முடிந்தது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். கதவருகே நின்ற வெங்கட்ராமன் கண்களை மூடிக்கொண்டார்.

நூற்றாண்டுச் சிறப்பிதழின் உச்சியில் அந்தத் திருத்தம் வெளிவந்தது. ஏமாற்றிவிட்டீர்களே என்று கொதித்துச் சிலர் எழுதினார்கள், விலகியும் போனார்கள். அந்த வாரம் அலுவலகத்தில் எவரும் உரக்கச் சிரிக்கவில்லை. சனிக்கிழமை, விடுமுறை என்றும் பாராமல், மூவரும் வந்து திரையின் முன் அமர்ந்திருந்தார்கள். லொரெய்னிடமிருந்து ஒரு படம் வந்தது. கடை வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டி நின்றன. சுவரில் சாயம் காயாத புதுப் பலகை: 'வெள்ளி, சனி திறந்திருக்கும். சந்தேகமிருந்தால் குவைத்தைக் கேளுங்கள்.' அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் முண்டியடித்தது.

மாலையில் உரிமையாளரின் செய்தி வந்தது: 'அந்தப் பலகையைப் பற்றி எழுது. சாலையில் அதுதான் இப்போது புதிய காட்சிப் பொருள். உன் பெயரிலேயே எழுது.'

கஜந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். தலைப்புக்கு முன்பாகத் தன் பெயரைத் தட்டினாள். அது எங்கும் போய்விடாது என்று தெரிந்த நிதானத்தோடு தட்டினாள்.

வெங்கட்ராமன் திரையை எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. இந்தத் தொப்பிக்காரரை என்ன பண்றது?"

"பாவம் சேர், நாலு வருசமா ஓடின மனுசன்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "இனி வெள்ளிக்கிழமையில லீவு குடுங்கோ."