மருந்துக் கடை இருந்த மனை

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தின் பின்புறம், கட்டடம் இடிக்கப்பட்டுக் காலியாகக் கிடந்த மனையில் தேவயானி நின்றிருந்தாள். திருச்சியிலுள்ள மண் பரிசோதனை நிறுவனம் ஒன்று அவளை அனுப்பியிருந்தது. மனையை வாங்கிய அருள்முருகன் அங்கே கட்டவிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் கமலவேணி என்ற பெண் மழலையர் பள்ளி நடத்தவிருந்தாள். மண்ணில் நச்சு இல்லை என்ற சான்று வராமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று அவள் உறுதியாகச் சொல்லியிருந்தாள்.

சாலையோரத்திலும் மனையின் நடுவிலும் முன்பே எடுத்த மண் ஆய்வகத்தில் சுத்தமென்று வந்திருந்தது. ‘முன்பயன்பாடு: மருந்துக் கடை’ என்று தேவயானி அறிக்கையில் எழுதியிருந்தாள். அருள்முருகன் சொன்ன சொல்தான் அது. மாத்திரை அட்டைகளையும் டானிக் புட்டிகளையும் தவிர வேறெதையும் அவள் மனம் அங்கே வைத்துப் பார்க்கவில்லை.

“கையெழுத்தப் போடுங்க மேடம், பஸ்ஸப் புடிங்க. திங்கக்கெழம பூமி பூஜை,” என்றார் அருள்முருகன். மகிழ்ச்சியில் பேச்சு நீண்டது. “இந்தக் கடைல நான் நிக்காத நாளா? எங்கப்பாரு பருத்தி போட்டா மருந்து இங்கதான். ஒருதடவ மூட்டையோட பஸ் ஏறுனேன். நாத்தம் தாங்காம கண்டக்டர் பாதி வழில எறக்கிவுட்டுட்டான்!”

“மாத்திரைய மூட்டைலயா வாங்குவீங்க?”

“மாத்திரையா? பருத்திப் புழுவுக்கு யாரு மேடம் மாத்திரை குடுப்பா?”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தேவயானியின் பேனா நின்றுவிட்டது. நகரத்தில் வளர்ந்தவளுக்கு மருந்து என்றால் காய்ச்சலுக்குத் தருவது. பருத்தி விளையும் இந்தக் கரிசல் பூமியில் அது வயலில் அடிப்பது.

“மூட்டைய எங்க அடுக்குவாங்க?”

சிரிப்பு சட்டென நின்றது. “அது... பழைய கதைங்க.”

“சொல்லுங்க சார்.”

“பின்னால வேப்பமரத்துப் பக்கம் ஒரு ஷெட்டு. கெட்டுப்போன பவுடரெல்லாம் அங்கயே பொதச்சாங்கன்னு சொல்லுவாங்க.”

அவள் கையுறை அணிந்து, மண் எடுக்கும் துளைப்பானை மரத்தடியில் இறக்கினாள். கரிய மண்ணுக்குக் கீழே சாம்பல் வெள்ளையாக ஒரு படிவு வந்தது. புழுங்கிய காரநெடி எழுந்தது.

“பத்து நாள்ல ஆடி பொறந்துடும். அப்பறம் வேல தொடங்க முடியாது,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “ரெண்டு எடம் சுத்தம்னு வந்துச்சில்ல? அத மட்டும் எழுதுங்க. மேல ரெண்டு லோடு மணல் அடிச்சுடறேன்.”

“மணல் அடிச்சா புள்ளைங்க குடிக்கப்போற போர் தண்ணி சுத்தமாயிடுமா?”

“உங்களுக்கென்ன, திருச்சிக்குப் போயிடுவீங்க.”

“போவேன். என் கையெழுத்து இங்கதான் கெடக்கும்.”

அப்போது கமலவேணி மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தாள். “சர்டிபிகேட் ரெடிங்களா?”

அருள்முருகன் தேவயானியையே பார்த்தார். அவள் அறிக்கையை விரித்து, தான் எழுதிய வரியை அடித்தாள்.

“இல்லீங்க. இது பயிர் மருந்து வித்த எடம். நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். அடி மண்ணையும் தண்ணியையும் முழுசா சோதிக்காம புள்ளைங்கள இங்க வுடக்கூடாது.”

“நான் அய்யருக்கே சொல்லிட்டேம்மா!” என்று வெடித்தார் அருள்முருகன்.

“அய்யரா வந்து இந்த மண்ணுல வெளையாடப் போறாரு?” என்றாள் கமலவேணி. “சுத்தமானா வரேங்க. எத்தன மாசமானாலும் சரி. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கறேன்.”

அவர் இடுப்பில் கைவைத்து மனையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். காலடியில் கிடந்த ஒரு ஓட்டுத்துண்டை உதைத்தார். தேவயானி அடுத்த துளைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

“அங்க தோண்டி என்ன பிரயோசனம்?” என்றார் எரிச்சலோடு. “ஷெட்டு கழுவுன தண்ணி இந்தப் பக்கமாத்தான் ஓடும். வாங்க.”

அவர் முன்னே நடந்தார். துளைப்பானைத் தூக்கிக்கொண்டு அவள் பின்தொடர்ந்தாள்.